முதலில் ஆலையின் கழிவு மூட்டையைக் கேட்டு வாங்குங்கள்

வாசகர் கேள்வி:

பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பயிர்க் கழிவிலிருந்து செல்லுலோஸ் நாரைப் பிரித்து, பிஎல்ஏ என்ற உயிரிப் பாலிமரோடு கலந்து, பேக்கிங்குக்கான ஒரு ஃபிலிமை நானும் என் ஆய்வு மாணவர்கள் இருவரும் நான்கு வருடமாக உருவாக்கி வருகிறோம். வெறும் பிஎல்ஏவைவிட நன்றாக இழுவை தாங்குகிறது. இரண்டு கட்டுரைகள் வெளியாகிவிட்டன. இது எப்படியாவது மக்கள் பயன்பாட்டுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பெரும்பாலும் பதிலே இல்லை. ஒரு நிறுவனம் மட்டும் “50 கிலோ சாம்பிள் அனுப்புங்கள்” என்றது. எங்களால் வாரத்துக்கு 20 கிராம்தான் செய்ய முடியும். அதைச் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. இன்னொரு நிறுவனம் ரகசிய ஒப்பந்தம் ஒன்றை அனுப்பிக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. போட்டால் மாணவரின் ஆய்வேடு மாட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. துறையின் மூத்தவர்களோ, கம்பெனி பின்னால் போனால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்கிறார்கள். நான் எங்கே தவறுகிறேன்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

நான்கு வருட உழைப்பைச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு ஒரு வரி பதில்கூட வராதபோது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடம் ஒரு ஃபிலிம் ஆலையின் உற்பத்திப் பிரிவில் இருந்தேன். அப்புறம் ஆய்வகங்களையும் ஆலைகளையும் சேர்த்துவைக்கும் வேலைக்கு வந்தேன். உங்களுடையதைப் போன்ற மின்னஞ்சல்கள் வந்து சேரும் மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன், அவற்றை எழுதும் ஆய்வாளர்களின் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் ஃபிலிம் நல்லதா இல்லையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. நீங்கள் கேட்ட கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. “எங்களிடம் ஒரு புதுப் பொருள் இருக்கிறது, எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு உற்பத்தி மேலாளர் இதற்குச் சரி என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பொருள் தன் மெஷினில் எப்படி ஓடும், சேதாரம் எவ்வளவு ஆகும், வருடம் முழுக்க ஒரே தரத்தில் கிடைக்குமா என்றெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் கட்டுரையில் இவை இருக்காது. இருக்க வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்டதும் இல்லை. அதனால் அவர் பதில் எழுதாமல் அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுகிறார்.

அந்த 50 கிலோ கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உங்களை விரட்டுவதற்காக அவர்கள் அதைக் கேட்கவில்லை. நடுத்தர அளவு ஃபிலிம் லைன் ஒன்று மணிக்கு 200 கிலோ ஓடுகிறது என்று வையுங்கள். 50 கிலோ என்பது கால் மணி நேர ஓட்டம். அதிலும் முதல் பத்து நிமிடம், மெஷினுக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய பாலிமரைத் தள்ளி வெளியேற்றுவதிலேயே போய்விடும். மிச்சமுள்ள ஐந்து நிமிட ஃபிலிமைப் பார்த்துத்தான் அவர்கள் ஏதாவது சொல்ல முடியும். ஆலைக்காரருக்கு 50 கிலோ என்பது ஒரு சிட்டிகை. உங்களுக்கு அதுவே கிட்டத்தட்ட ஐம்பது வருட உற்பத்தி. இந்த இடைவெளியை இருவரும் வெளிப்படையாகப் பேசியிருந்தால் அன்று பேச்சு நின்றிருக்காது.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். “உங்கள் ஆலையில் எது வீணாகப் போகிறது? அதில் ஒரு மூட்டை எங்களுக்குத் தர முடியுமா?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத ஆலையை நான் இதுவரை பார்த்ததில்லை. கழிவு என்பது ஒவ்வொரு மேலாளரும் தினமும் எடை போட்டு ஏட்டில் எழுதுகிற எண். அதைப் பற்றிப் பேச ஓர் ஆள் வந்தால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஆய்வு மாணவியிடமிருந்து. பாலிஎத்திலீனும் நைலானும் ஒன்றோடொன்று சேராதவை. இரண்டையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்யும் ஃபிலிமை மறுசுழற்சி செய்வது கஷ்டம். அவற்றைச் சேரவைக்கும் ஒரு சேர்மானத்தைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். மூன்று வருடமும் வேலை செய்தது, விற்பனையாளரிடம் வாங்கிய சுத்தமான பிளாஸ்டிக் குருணையில். ஒரு நாள் அவரை ஆலை ஒன்றுக்கு அழைத்துப்போனேன். திரும்பும்போது ஃபிலிமின் ஓரத்தில் வெட்டித் தள்ளும் 25 கிலோ ஓரவெட்டு மூட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள்.

ஆய்வகத்தில் அதை மேஜைமேல் கொட்டியபோது அவர் முகம் வாடிப்போனது. நாடா நாடாவாக ஃபிலிம், பாதி அச்சடித்தது, பாதி அச்சடிக்காதது. ரோல் முனைகளை ஒட்டும் டேப் துண்டுகள். அட்டைக் குழாயின் காகிதப் பிசிறு. ஒரு கையுறை. பஞ்சுபோல் லேசாக இருந்ததால் பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் மெஷினான சின்ன எக்ஸ்ட்ரூடரின் ஹாப்பரில், அதாவது பொருளைப் போடும் வாயில், அது இறங்கவே இல்லை. அழுத்திச் சுருக்கி, நறுக்கி, உள்ளே போகிற மாதிரி ஆக்குவதற்கே ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் அவர் செய்த ஒரு காரியம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. மூட்டையில் இருந்த ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து எடை போட்டு எழுதிவைத்தார்.

கடைசியில் ஓட்டிப் பார்த்தபோது சேர்மானம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் குருணைக்குள் குமிழ் குமிழாக நின்றது. அச்சு மைதான் காரணம். நைட்ரோசெல்லுலோஸ் கலந்த மை. பிளாஸ்டிக் உருகும் சூட்டில் அது சிதைந்து வாயுவைக் கிளப்புகிறது. அவர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரிக்கு போன் போட்டு, தன் எடைப் பட்டியலை வாசித்துக் காட்டினார். அச்சடித்த ஓரவெட்டு எவ்வளவு, அடிக்காதது எவ்வளவு என்ற கணக்கு அந்த ஆலைக்கே அதுவரை தெரியாது. மறுநாளே இரண்டுக்கும் தனித்தனிப் பைகள் வைத்தார்கள். பாதிப் பிரச்சினை, எந்த வேதியியலும் இல்லாமல், அங்கேயே தீர்ந்தது. அப்புறம் அந்த மாணவிக்கு மெஷின் நேரம் கேட்பதற்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை. மை பற்றிய பகுதி அவருடைய ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயமாக வந்தது.

சரி, உங்கள் ஃபிலிமுக்கு வருவோம். கட்டுரையை நான் பார்க்கவில்லை. ஆனால் வாரத்துக்கு 20 கிராம் என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் பிஎல்ஏவைக் குளோரோஃபார்ம் போன்ற ஒரு கரைப்பானில் கரைத்து, நாரைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்து எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆய்வகத்தில் அது சரியான வழிதான். ஆலையில் ஃபிலிம் கரைத்து ஊற்றிச் செய்யப்படுவதில்லை, உருக்கி ஊதிச் செய்யப்படுகிறது. குளோரோஃபார்மை எந்த ஃபிலிம் ஆலையும் உள்ளே விடாது. அதைவிட முக்கியம், சுற்றுச்சூழலுக்காகச் செய்கிற பொருளில் அந்தக் கரைப்பானின் பங்கைக் கணக்கில் சேர்த்தால், நீங்கள் மிச்சப்படுத்தியதாக நினைப்பது மிச்சமாக இல்லாமலும் போகலாம். ஐஎஸ்ஓ 14040 வரிசையில் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது: ஒரு பொருள் உருவாவதிலிருந்து கழிவாகும்வரை சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு பாதிப்பு என்று கணக்கிடும் முறை. முழுமையாக இப்போது வேண்டாம். ஒரு தாளில், கரைப்பான், உலர்த்தும் மின்சாரம், கழுவும் தண்ணீர் மூன்றையும் மட்டும் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். எங்கே அதிகம் போகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

உருக்கும் வழிக்கு மாறும்போது இரண்டு விஷயம் உங்களைப் பிடித்து நிறுத்தும். ஒன்று ஈரம். பிஎல்ஏ, உருகும் சூட்டில் தண்ணீர் பட்டால் அதன் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து வலுவிழக்கும். அதனால் உருக்கும்முன் ஈரப்பதத்தை 250 பிபிஎம்முக்கு, அதாவது 0.025 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். உங்கள் செல்லுலோஸோ காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். இன்னொன்று சூடு. பிஎல்ஏவை 180 முதல் 210 டிகிரிவரை கொண்டுபோகிறோம். கிட்டத்தட்ட அதே சூட்டில், மெஷினுக்குள் சற்று அதிக நேரம் தங்கிவிட்டால், நார் பழுப்பேறத் தொடங்கிவிடும்.

நான் ஆலையில் இருந்தபோது, தாவர நார் கலந்த குருணையை ஓர் ஆய்வுக் குழு கொண்டுவந்தது. இரவில் உலர்த்தாமல் காலையில் நேராக ஓட்டினோம். ஓட்டின இருபதாவது நிமிடம் ஃபிலிமில் ஊசித் துளைகள். அப்புறம் பழுப்புப் புள்ளிகள். ஊதின குழாய் கிழிந்துகொண்டே இருந்தது. கடைசியில் உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் வாயான டையைக் கழற்றினோம். இரும்புச் சுரண்டி பட்டால் டையின் உதட்டில் கீறல் விழும். அந்தக் கீறல் பிறகு வரும் ஒவ்வொரு மீட்டர் ஃபிலிமிலும் கோடாக விழும். அதனால் பித்தளைத் தகட்டால், இஞ்ச் இஞ்சாக, கருகிப்போன படலத்தைச் சுரண்டினோம். ஒரு ஷிஃப்ட் முழுக்கப் போனது. அந்தக் குழுவுக்குப் போன பதில் “ஓடவில்லை” என்ற ஒரே வார்த்தை. ஈரம்தான் காரணம் என்று தரையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதி அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை. உலர்த்தியில் ஆறு மணி நேரம் வைத்திருந்தால் அவர்களுக்கு வேறு பதில் கிடைத்திருக்கலாம். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இந்த வேலைக்கு நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் சொல்கிறேன்: பொருளைப் பார்சலில் அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். ட்ரையல் நடக்கும்போது நீங்களோ உங்கள் மாணவரோ மெஷின் ஓட்டுபவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மோட்டாரின் ஆம்பியர் எப்போது ஏறியது, அழுத்தம் எப்போது ஆடியது, வாடை எப்போது மாறியது என்று நேரம் போட்டு எழுதுங்கள். ஓட்டுபவரிடம், “இதுக்கு முன்னால இப்படி எப்ப பார்த்தீங்க?” என்று கேளுங்கள். இருபது வருடம் ஒரே மெஷினோடு இருப்பவர்களுக்கு, சத்தத்திலேயே பாதி தெரியும். அவர்கள் சொல்வது எந்தச் சஞ்சிகையிலும் வராது.

யாரை அணுகுவது? முப்பது மின்னஞ்சலில் பெரும்பாலானவை பெரிய பிராண்டுகளின் சுற்றுச்சூழல் பிரிவுக்குப் போயிருக்கும் என்று ஊகிக்கிறேன். எல்லோரும் அங்கேதான் அனுப்புகிறார்கள். ஆனால் பிராண்டிடம் எக்ஸ்ட்ரூடர் கிடையாது. பாலிமர் செய்பவர் ஒருவர். அதில் சேர்மானம் கலந்து குருணையாக்கும் காம்பவுண்டர் ஒருவர். குருணையை ஃபிலிமாக்கும் ஆலை ஒன்று. அதில் சரக்கைக் கட்டி விற்கும் பிராண்ட். எல்லாம் முடிந்து பழையதைப் பொறுக்கிப் பிரித்து மறுசுழற்சி செய்பவர். இந்தச் சங்கிலியில் உங்களுக்கு முதல் ஆள் காம்பவுண்டர். இரட்டைத் திருகால் உருக்கிக் கலக்கும் ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர் அவரிடம் இருக்கும். 10 கிலோ, 25 கிலோ என்று சின்னச் சின்னக் கலவை போட்டுப் பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. நாரைக் காயவைத்துக் கலப்பதில் அவருக்கு இருக்கும் கைப்பழக்கம் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. உங்கள் நாரை அதிக அளவில் பிஎல்ஏவில் கலந்து ஒரு அடர்த்தியான குருணை செய்துகொண்டால், ஃபிலிம் ஆலை அதைத் தன் வழக்கமான குருணையோடு கொஞ்சம் சேர்த்து ஓட்டிக்கொள்ளும். அப்போது 50 கிலோ ஃபிலிமுக்கு உங்கள் நார் ஒன்றிரண்டு கிலோ இருந்தால் போதும். அந்த ஒன்றிரண்டு கிலோவுக்கும் இப்போதைய வேகத்தில் வருடக்கணக்கில் ஆகும்தான். ஆனால் நாரைப் பிரிக்கும் பாத்திரத்தைப் பெரிதாக்குவது, ஃபிலிமை ஊற்றும் தட்டைப் பெரிதாக்குவதைவிடப் பல மடங்கு எளிது.

ஆலையில் மெஷின் நேரம் கேட்கும்போது ஒரு சின்ன உபாயம். நிறம் மாற்றும் நேரத்தைக் கேளுங்கள். சிவப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும்போது இடையில் வரும் ஃபிலிம் எப்படியும் கழிவுக்குத்தான் போகும். அந்த இடைவெளியில் உங்கள் பொருளை ஓட்டினால் அவர்களுக்கு இழப்பு குறைவு. “உற்பத்தியை நிறுத்தி ஓட்டுங்கள்” என்பதற்கும் “மாற்றும் நேரத்தில் ஒரு அரை மணி கொடுங்கள்” என்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு வேறாக இருக்கும். உங்களுக்குத் தொழில் தெரியும் என்பதும் அந்தக் கேள்வியிலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

ஆலையின் எண்களில் பேசுவது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2012இல் ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலை தழை மக்கிய உரத்திலிருந்து ஒரு நொதியின் மரபணுவை எடுத்தார்கள். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை அது மெல்ல அறுக்கும். பிரான்சில் துலூஸ் நகர ஆய்வாளர்களும் கார்பியோஸ் என்ற நிறுவனமும் சேர்ந்து அந்த நொதியை மாற்றியமைத்து 2020இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையின் சுருக்கத்திலேயே என்ன இருக்கிறது பாருங்கள்: 10 மணி நேரத்தில் குறைந்தது 90 சதவீதம் சிதைவு, ஒரு லிட்டருக்கு ஒரு மணி நேரத்தில் 16.7 கிராம் டெரிஃப்தாலேட் (பெட்டின் மூலப்பொருள்), ஒரு கிராம் பெட்டுக்கு 3 மில்லிகிராம் நொதி. நொதி எவ்வளவு நேர்த்தியானது என்பதோடு நிற்காமல், தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும், நொதிக்கு எவ்வளவு செலவாகும் என்று ஓர் ஆலைப் பொறியாளர் உடனே கணக்குப் போடுகிற எண்களைக் கொடுத்தார்கள். படிகம் அதிகமுள்ள பெட்டை நொதி சரியாகக் கடிக்காது என்பதால், உருக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பொடியாக்கும் வேலையையும் சேர்த்தே செய்தார்கள். கிடைத்த மூலப்பொருளிலிருந்து மறுபடியும் பாட்டில் செய்து காட்டினார்கள். 2021இல் கிளெர்மோன்-ஃபெராண்டில் செயல்விளக்க ஆலை தொடங்கியது. நொதி கிடைத்ததிலிருந்து ஒன்பது வருடம். இந்தத் துறையில் அது வேகம்தான்.

சிமென்ட்டிலும் இதே கதை உண்டு. சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் ஸ்க்ரிவெனர், கியூபாவின் ஃபெர்னாண்டோ மார்ட்டிரேனா, இந்தியாவின் ஐஐடி ஆய்வாளர்கள் ஆகியோர் சேர்ந்து வளர்த்த எல்சி3 சிமென்ட்டில், 1450 டிகிரியில் சுட வேண்டிய கிளிங்கரை, அதாவது சிமென்ட்டின் முக்கிய மூலப்பொருளை, பாதியாகக் குறைத்து, சுமார் 800 டிகிரியில் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் சேர்க்கிறார்கள். கரியமில வாயு 40 சதவீதம்வரை குறைகிறது. ஆலைகள் அதைக் காதுகொடுத்துக் கேட்டதற்கு முக்கியமான காரணம், புதிதாக ஓர் ஆலை கட்டத் தேவையில்லை என்பது. ஏற்கெனவே நிற்கும் உருளைச் சூளையிலேயே களிமண்ணைச் சுடலாம்.

நாசா 1970களில் தொடங்கிவைத்த தொழில்நுட்பத் தயார்நிலை என்ற அளவுகோல் இன்று பல மானியப் படிவங்களில் இருக்கிறது. 1 முதல் 9 வரை படிகள். உங்கள் ஃபிலிம் இப்போது மூன்றிலோ நான்கிலோ நிற்கிறது. ஆலை கை நீட்டுவது பொதுவாக ஏழுக்கு மேல். நடுவில் இருக்கும் படிகளுக்கு, சின்ன அளவில் ஓட்டிப் பார்க்கும் பைலட் கூடங்கள் வேண்டும். ஜெர்மனியில் 1949இல் தொடங்கிய ஃபிரான்ஹோஃபர் நிறுவனங்கள் இந்த நடுப்படிகளையே தங்கள் தொழிலாக வைத்திருக்கின்றன. உங்களுக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒரு கூடம் இருக்கிறதா என்று தேடுங்கள். மணிக்கு 5 கிலோ ஓடும் ஒரு சின்ன ஃபிலிம் லைன் இருந்தாலே உங்களுக்கு இரண்டு வருடம் மிச்சம்.

இப்போது, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பயன்படுத்திய பிறகு இந்த ஃபிலிம் எங்கே போகும்? சங்கிலியின் கடைசி ஆள், மறுசுழற்சி செய்பவர், உங்கள் பட்டியலிலேயே இல்லை. சுழற்சி என்ற சொல்லுக்குப் பொருள் கொடுப்பவர் அவர்தான். 2017இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, 2015வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம்தான். மிச்சம் திரும்பாமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் நல்ல பொருட்கள் இல்லாதது அல்ல, திரும்பி வரும் பாதை இல்லாதது.

பிஎல்ஏவும் பெட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெளிவாக இருக்கும். பிஎல்ஏவின் அடர்த்தி 1.24, பெட்டின் அடர்த்தி 1.38. இரண்டுமே தண்ணீரில் மூழ்கும். எனவே மிதக்கவிட்டுப் பிரிக்கும் தொட்டி உதவாது. அகச்சிவப்பு ஒளியால் பிரிக்கும் மெஷின் இருக்கும் இடத்தில் பிரித்துவிடலாம். இல்லாத இடத்தில், பெட்டை உலர்த்தும் சூட்டிலேயே பிஎல்ஏ இளகி ஒட்டி, உலர்த்தியைக் கட்டிப்பிடித்துவிடும். மறுசுழற்சி செய்பவருக்கு உங்கள் ஃபிலிம் வரமாக இருக்காது, தலைவலியாக இருக்கும்.

“மக்கிவிடுமே” என்பீர்கள். ஐரோப்பிய விதி இஎன் 13432 கேட்பது, சுமார் 58 டிகிரி சூட்டில், ஆறு மாதத்துக்குள், 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்று. பிஎல்ஏ இளகத் தொடங்கும் வெப்பநிலையும் கிட்டத்தட்ட 60 டிகிரிதான். அந்தச் சூடு உரமாக்கும் நிலையத்தில் கிடைக்கும். சாதாரண மண்ணிலும் கடல் நீரிலும் கிடைக்காது, அங்கே பிஎல்ஏ வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆகவே முதலில் போகுமிடத்தை முடிவு செய்யுங்கள். உரமாக்கும் நிலையத்துக்கு எப்படியும் போகிற பொருள் எது என்று தேடி, அதற்கான பையாக இதைச் செய்யலாமா என்று பாருங்கள். உரமாக்கும் நிலைய மேலாளர் ஒருவரையும், மறுசுழற்சி செய்பவர் ஒருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து உங்கள் ஃபிலிமைக் கையில் கொடுத்துப் பேசவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் கேள்விகள் உங்களுடைய அடுத்த மானிய விண்ணப்பத்துக்குப் போதும்.

ஒப்பந்த விஷயம். முதல் சந்திப்புக்கு ரகசிய ஒப்பந்தமே தேவையில்லை. வெளியான கட்டுரையில் இருப்பதை மட்டும் பேசப்போகிறோம் என்று எழுதி அனுப்பிவிட்டுப் போய்ப் பேசுங்கள். அதற்குமேல் போகும்போது, நீங்களாகக் கையெழுத்துப் போடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் உள்ள அலுவலகம்தான் போட வேண்டும். ஒப்பந்தத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது: ரகசியம் என்பது எழுத்தில் குறிக்கப்பட்டதற்கு மட்டும்தானா, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததும் நீங்கள் வெளியிட்டதும் அதற்கு வெளியே நிற்கிறதா, எத்தனை வருடம் என்று கெடு இருக்கிறதா. மாணவரின் ஆய்வேட்டைப் பொறுத்தவரை, வெளியிடும்முன் கம்பெனி படித்துப் பார்க்கலாம், 30 நாளோ 60 நாளோ தாமதிக்கச் சொல்லலாம். தடுக்கும் அதிகாரம் மட்டும் கொடுக்காதீர்கள். “நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற பின்னரே வெளியிட வேண்டும்” என்று ஒரு வரி இருந்தால், அந்த வரியை மாற்றாமல் அடுத்த படி வேண்டாம். மாணவரின் பட்டம் எந்தப் பேரத்திலும் பணயமாகக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பிரிட்டனில் 2005இல் லாம்பர்ட் மாதிரி ஒப்பந்தங்கள் என்று ஒரு தொகுப்பு வந்தது. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதைப் பல விதமாகப் பங்கிட்டுக் காட்டும் வார்ப்புகள் அதில் உண்டு, இலவசமாகவே கிடைக்கும். உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருந்தாலும், எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள அதை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள்.

காப்புரிமையில் உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் கைநழுவிவிட்டது. வெளியான கட்டுரையில் இருப்பதற்கு ஐரோப்பாவில் இனி காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில் வெளியான நாளிலிருந்து ஒரு வருடம் அவகாசம் உண்டு, தேதியைப் பாருங்கள். ஆனால் மனம் தளர வேண்டாம். நாரை உலர்த்துவது, உருகும் பாலிமரில் கட்டி தட்டாமல் பரப்புவது எல்லாம் இனிமேல்தான் நீங்கள் கண்டுபிடிக்கப்போகிறீர்கள், தொழிலில் மதிப்பு அதற்குத்தான் அதிகம். இனி மாநாட்டில் ஒரு போஸ்டர் ஒட்டுவதற்கு முன்னாலும் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். போஸ்டரும் வெளியீடுதான்.

மூத்தவர்களின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கம்பெனி கேட்ட சோதனையை மட்டும் செய்து கொடுத்து, கேள்வி கேட்கும் பழக்கத்தையே இழந்த ஆய்வகங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. 1856இல் பிரான்சின் லீல் நகரில் லூயி பாஸ்டர் வேதியியல் பேராசிரியர். பீட்ரூட்டிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் ஆலைக்காரர் ஒருவர் அவரிடம் வந்தார். அவருடைய மகன் பாஸ்டரின் மாணவர். ஆலையின் தொட்டிகள் சில காரணமில்லாமல் கெட்டுப்போய்க்கொண்டிருந்தன. பாஸ்டர் ஆலைக்கே போனார். நல்ல தொட்டியிலிருந்தும் கெட்ட தொட்டியிலிருந்தும் சாறெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அடுத்த வருடமே நொதித்தல் பற்றிய அவருடைய முதல் கட்டுரை வந்தது. நுண்ணுயிர் அறிவியல் அங்கிருந்து எங்கே போனது என்பது உங்கள் துறை மூத்தவர்களுக்குத் தெரியும். கெட்டுப்போன ஒரு தொட்டி அந்த ஆராய்ச்சியைக் கெடுக்கவில்லை. அவர் ஆலைக்காரரின் பிரச்சினையை எடுத்துக்கொண்டார், கேள்வியைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டார். நீங்களும் அப்படியே பிரித்துக்கொள்ளலாம்: பிரச்சினை ஆலையில் இருந்து வரட்டும், ஏன் அப்படி நடக்கிறது என்ற விசாரணை உங்கள் மாணவரின் ஆய்வேடாக இருக்கட்டும்.

அடுத்த மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ஒரு காம்பவுண்டருக்கும் ஒரு ஃபிலிம் ஆலைக்கும் மட்டும் அனுப்புங்கள். தலைவருக்கு வேண்டாம், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கோ உற்பத்தி மேலாளருக்கோ. கட்டுரையை இணைக்க வேண்டாம். உங்கள் ஆய்வகத்தில் எந்தெந்தச் சோதனைக் கருவி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலான ஆலைகளில் மூலக்கூறு எடை அளக்கும் கருவியோ நுண்ணோக்கியோ இருக்காது. ஃபிலிமில் ஒரு புள்ளி ஏன் வருகிறது என்று தெரியாமல் அவர்கள் தவித்துக்கொண்டிருப்பார்கள். “உங்களுக்குப் புரியாத ஒரு கோளாறு இருந்தால் அதன் துண்டை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்” என்று ஒரு வரி. பிறகு அந்த மூட்டைக் கேள்வி. அவ்வளவுதான்.

அதற்கு முன் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்கள் நாரை வழக்கமாக உலர்த்துவதுபோல உலர்த்தி, அடுப்பிலிருந்து எடுத்த உடனே ஒரு தடவை, மேஜைமேல் திறந்துவைத்து அரை மணி நேரம் கழித்து ஒரு தடவை ஈரப்பதத்தை அளந்து பாருங்கள். இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள். அரை மணி நேரத்தில் அது எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பார்த்தால், காம்பவுண்டரிடம் நாரைப் பொடியாகக் கொடுப்பதா, அவரிடம் போகும்முன்னே பிஎல்ஏவுக்குள் பொதித்துக் கொடுப்பதா என்று முடிவு செய்துவிடலாம்.